குடும்ப மருத்துவத்திலும் நோய்த்தடுப்பிலும் கூட்டு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். குடும்ப மருத்துவ மையத்தில் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், டயட்டீஷியன், லேப் டெக்னீஷியன் என்று பலரோடு சேர்ந்து பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள், சில சமயம் நோயாளிகளே கூடத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளமாகப் போய்விட்டது, அங்கேதான் சொல்ல நிறைய இருந்தது.

துணை மருத்துவத் துறையினர் என்றால் யார் யார்? நர்ஸும் அதில் சேர்த்தியா?

பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவர்கள், கண் பார்வையைச் சோதிப்பவர், காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பாதங்களைப் பராமரிப்பவர், மனநல ஆலோசகர், மருத்துவ சமூகப் பணியாளர் என்று பட்டியல் நீளும். செவிலியரையும் மருந்தாளுநரையும் பல நாடுகளில் தனித்தனித் துறையாகவே கணக்கில் வைப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் அந்தப் பிரிவு பெரிதாகத் தெரிவதில்லை, அதனால் இந்தப் பக்கத்தில் எல்லாரையும் சேர்த்தே பேசுகிறேன்.

'துணை' என்ற சொல்லைக் கேட்டதும் எடுபிடி வேலை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வழித்துணை என்கிறோமே, அந்தத் துணையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல குடும்ப டாக்டர் ஒருவர் இருந்தால் போதாதா?

நல்ல டாக்டர் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2,500 பெரியவர்களைக் கவனிக்கும் ஒரு டாக்டர், வழிகாட்டு நெறிகள் சொல்கிற அத்தனையையும் தானே செய்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டது. வந்த விடை 26.7 மணி நேரம். நாளுக்கு இருப்பதே 24 மணி நேரம்தான். அதில் நோய்த்தடுப்பு வேலைக்கு மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதே வேலையை ஒரு டீம் பகிர்ந்து செய்தால் டாக்டரின் பங்கு 9.3 மணி நேரமாக இறங்குகிறது. அதுவும் நீளமான நாள்தான், ஆனாலும் மனிதர் செய்யக்கூடிய நாள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. காய்ச்சல் வந்தவர் தானாகவே வந்து வாசலில் நிற்பார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு வலி இல்லை, சுகர் எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த மாதம் வழுக்கி விழப்போகிறவர் இன்று நன்றாகத்தான் நடக்கிறார். இவர்களை யாராவது தேடிப் போக வேண்டும், மாதக்கணக்கில் கூடவே இருக்க வேண்டும். ஒருவர் பத்து நிமிடத்தில் முடிக்கிற காரியமா அது?

அமெரிக்காவில் சர்க்கரை நோய்த் தடுப்புக்காக நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம் குறைவு. இரண்டையும் வெற்று மாத்திரை எடுத்த மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டுச் சொன்ன எண்கள் இவை. எல்லாரும் இந்த 58-ஐ மேற்கோள் காட்டுவார்கள். அது எப்படி வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார், அவர்களில் பெரும்பாலோர் டயட்டீஷியன்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 16 பாடங்களைத் தனியாக உட்கார்ந்து நடத்தினார்கள், அதற்குப் பிறகும் தொடர்பை விடவில்லை. 'எடையைக் குறைங்க, நடங்க' என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியதற்குக் கிடைத்த பலன் இல்லை அது.

இப்படி டீமாக வேலை செய்வது புதிதாக வந்த ஃபேஷனா?

இல்லை. 1940-ல் தென்னாப்பிரிக்காவின் பொலேலா என்ற கிராமப்புறத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கினார்கள். செவிலியரும், உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களும் வீடுவீடாகப் போய், யாருக்கு என்ன குறை, என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். 1978-ல் அல்மா-அட்டாவில் (இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி நகரம்) வெளியான ஆரம்ப சுகாதாரப் பிரகடனம், டாக்டர், செவிலியர், துணைப் பணியாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரு குழுவாக வேலை செய்ய வேண்டும் என்று நேரடியாகவே சொன்னது. பிரேசில் 1994-ல் குடும்ப சுகாதாரக் குழுக்களைத் தொடங்கியது. 2008-ல் அந்தக் குழுக்களுக்குப் பக்கபலமாகப் பிசியோதெரபிஸ்ட், உணவியல் நிபுணர், உளவியலாளர் போன்றவர்களைக் கொண்ட ஆதரவுக் குழுக்களையும் சேர்த்தது.

நாங்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். அதுவே டீம்தானே?

பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பது ஒன்று, சேர்ந்து வேலை செய்வது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அறைகள் வரிசையாக இருந்தன, மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம், நல்ல சிநேகமும் இருந்தது. ஆனால் டாக்டரிடமிருந்து வரும் சீட்டில் 'பிசியோ' என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். முழங்கால் வலிக்கா, எடை குறைக்கவா, கீழே விழுந்தாரா, ஒன்றும் தெரியாது. நோயாளியைக் கேட்டால் 'டாக்டர் போகச் சொன்னாங்க' என்பார். நானும் எனக்குத் தோன்றியதைச் செய்து அனுப்புவேன், என்ன செய்தேன் என்று டாக்டருக்கும் தெரியாது.

இப்போது ஒருவர் இன்னொருவரிடம் நோயாளியை அனுப்பும்போது நாலு விஷயம் எழுதுகிறோம். எதற்காக அனுப்புகிறோம், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், மறுபடி எப்போது பார்க்கப்போகிறோம், அப்புறம் அவர் வராவிட்டால் யார் போன் செய்வது. இந்த நாலாவதை எழுத ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வேலை ஒழுங்குக்கு வந்தது என்று நான் அடித்துச் சொல்வேன். நோய்த்தடுப்பில் ஆட்கள் நழுவிப்போவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் அந்த இடைவெளியில்தான். கண் பரிசோதனைக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்று டாக்டர் நினைப்பார், அப்படி ஒருவர் வர வேண்டும் என்பதே கண் பரிசோதகருக்குத் தெரியாது, நோயாளிக்கோ பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து விழித்திரை கெட்ட பிறகு எல்லாருக்கும் ஒன்றாகத் தெரியவரும்.

கூட்டு வேலையால் உண்மையில் என்ன மாறுகிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். ஒரே மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே விழுந்திருந்தார், நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. 'விழுகிறார், கால் வலுவுக்குப் பயிற்சி' என்று சீட்டு வந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். சரளமாக எழுந்தார், காலில் வலு நன்றாகவே இருந்தது. ஆனால் முதல் முறை எழுந்து நின்றதும் அவர் கை மேஜை விளிம்பைத் துழாவியது, கண் ஒரு கணம் மூடித் திறந்தது. 'தலை சுத்துதுங்களா ஐயா?' என்று கேட்டேன். 'எந்திரிச்ச உடனே கொஞ்சம் இருட்டும், வயசாச்சுல்ல' என்றார்.

நர்ஸைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் படுக்க வைத்துவிட்டுப் பார்த்தபோது பிரஷரின் மேல் எண் 146. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 118, மூன்றாவது நிமிடத்தில் 116. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயம், இவருக்கு 30 இறங்கியிருந்தது. பிரஷர் உட்கார்ந்த நிலையில் மட்டுமே பார்க்கப்பட்டு வந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார் மருந்தாளுநர். மறுநாள் மகள் கொண்டுவந்தார். பையைக் கவிழ்த்தபோது, எங்கள் ஏட்டில் இல்லாத இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று, சிறுநீர் தடையில்லாமல் போவதற்காக வேறொரு டாக்டர் எழுதியது. ரத்தக்குழாயையும் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் வகை அது. இன்னொன்று தூக்கத்துக்கு. இரண்டையும் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இரவில் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். டயட்டீஷியன் பேசிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது, இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்.

டாக்டர் அந்த இன்னொரு டாக்டரோடு போனில் பேசி மருந்துகளையும் நேரத்தையும் மாற்றினார், தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். தண்ணீரை எந்த நேரத்தில் எவ்வளவு என்று டயட்டீஷியன் பிரித்துக் கொடுத்தார். படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் இரவு விளக்கு, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாதத்தை ஆட்டிவிட்டு நிற்பது, இவற்றை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பழக்கினார். நான் சமநிலைப் பயிற்சி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நின்றதும் இறங்கிய அளவு எட்டு.

சீட்டில் எழுதியபடி கால் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால், வலுவான கால்களோடு அவர் மறுபடியும் விழுந்திருப்பார்.

டீமுக்குத் தலைவர் யார்? டாக்டர்தானே?

நோயைக் கண்டறிவது, மருந்தை முடிவு செய்வது, அவசரம் என்றால் முடிவெடுப்பது, இதில் சட்டப்படியும் நடைமுறைப்படியும் டாக்டர்தான் பொறுப்பு. அதே சமயம், ஒவ்வொரு நோயாளிக்கும் தினசரி நூலைப் பிடித்திருப்பவர் ஒருவர் வேண்டும், அவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சர்க்கரை நோயாளிக்குப் பெரும்பாலும் நர்ஸோ டயட்டீஷியனோ, பக்கவாதம் வந்து மீண்டவருக்குப் பிசியோ, ஏழெட்டு மருந்து சாப்பிடுபவருக்கு மருந்தாளுநர். 'இவருக்கு யார்?' என்று கேட்டால் டீமில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். நோயாளிக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்வதை டாக்டர் காதில் வாங்குவதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியில் வலி இருக்கிறது, எனக்கும் தெரியும். மரியாதைக் குறைவாக நடத்துகிறார்கள் என்றால் அதை நிர்வாகத்திடம் பேசித்தான் ஆக வேண்டும், அதற்குச் சொல்முறை எதுவும் மருந்தாகாது. ஆனால் பல நேரம் நாம் சொல்லும் விதத்திலேயே விஷயம் அமுங்கிப்போகிறது.

'டாக்டர், அந்த அம்மாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு' என்றால், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் 'சரி, பார்க்கலாம்' என்றுதான் சொல்வார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'டாக்டர், என்கிட்ட பயிற்சிக்கு வந்த அம்மாவுக்கு இடது கெண்டைக்கால் நேத்திலிருந்து வீங்கியிருக்கு. போன வாரம் முழுக்கப் படுக்கையில இருந்தவங்க. டேப் வச்சு அளந்தேன், வலது காலைவிட 4 செ.மீ. கூட இருக்கு, அழுத்தினா வலிக்குது. ரத்தக்கட்டியோன்னு சந்தேகமா இருக்கு. பயிற்சியை நிறுத்திட்டேன், நீங்க இப்பவே பார்க்கணும்.' இப்படிச் சொன்னால் யாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்ற இந்த நாலு படி முறைக்கு எஸ்பார் (SBAR) என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. கடைசிப் படியைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுவார்கள், 'பெரியவருக்கு நாம் சொல்வதா' என்ற தயக்கம். தயங்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். நோயாளி குழம்பிப் போகிறாரே?

இதில் நானே தவறு செய்திருக்கிறேன். சுகர் இருந்த ஓர் அம்மாவிடம் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி, வாரா வாரம் உற்சாகப்படுத்திக்கொண்டும் இருந்தேன். அதே மாதத்தில் அவர் பாதத்தில் சின்னப் புண் ஒன்றைப் பார்த்த நர்ஸ், புண் ஆறுகிற வரை அந்தக் காலை அதிகம் ஊன்றாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் ஏட்டில் எழுதினார், நான் என் ஏட்டில் எழுதினேன். அந்த அம்மாவோ இரண்டு பேர் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று, ஒருநாள் நடந்தும் ஒருநாள் விட்டும் இருந்திருக்கிறார். ஷூவைக் கழற்றிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. புண் ஆற மூன்று மாதம் ஆனது.

அதற்குப் பிறகு, சுகர் உள்ளவர் யார் வந்தாலும் பயிற்சிக்கு முன் இரண்டு பாதத்தையும் பார்க்காமல் நான் விடுவதில்லை. விரல் இடுக்கு, குதிகால், பெருவிரலுக்குக் கீழ் மேடு, பிறகு 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம்.

கருத்து வேறுபாடு வந்தால் அதை நோயாளி முன்னால் வைத்துக்கொள்ளக் கூடாது. 'அவர் அப்படியா சொன்னார்?' என்று புருவத்தை உயர்த்தினாலே போதும், நம்பிக்கை போய்விடும். 'இதை அவரோடு பேசிவிட்டு நாளைக்கு உங்களுக்குச் சொல்கிறேன், அதுவரை இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் போன் பண்ணுங்கள்.

தினமும் மீட்டிங் வைக்க நேரம் எங்கே இருக்கிறது?

நீளமான மீட்டிங் வேண்டாம். காலையில் நின்றபடியே பத்து நிமிடம். உட்கார்ந்தால் இருபது நிமிடம் ஆகிவிடும். இன்று வருகிறவர்களில் யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும், நேற்று வர வேண்டியவர்களில் யார் வரவில்லை, லேபிலிருந்து என்ன வந்திருக்கிறது, இன்று நம்மில் யார் விடுப்பு, இவ்வளவுதான். முகப்பில் உட்கார்ந்திருப்பவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அந்த ஐயா இந்தத் தடவை தனியா வந்தார், எப்பவும் மனைவிதான் கூட்டிட்டு வருவாங்க' என்பதை முதலில் கவனிப்பவர் அவர்தான். அதற்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கலாம், இரண்டு மாதமாக மாத்திரையே எடுக்காமல் இருக்கலாம்.

லேப் டெக்னீஷியன் சாம்பிள் எடுத்து ரிப்போர்ட் கொடுத்தால் போதாதா? டீமில் அவருக்கு என்ன வேலை?

இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர், எனக்கு வருத்தமாக இருக்கும். வெறும் வயிற்றில் வந்தாரா என்று கேட்பவர் அவர். ஊசி குத்தும் அந்த மூன்று நிமிடத்தில் நோயாளி அவரிடம் சொல்கிற விஷயங்கள் டாக்டர் அறையில் வராது. கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான ரத்தசோகை இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. 'இந்த எண்ணும் இவருடைய தினசரி சுகர் அளவும் ஒத்துப்போகவில்லையே' என்று ஒரு டெக்னீஷியன் போன் செய்து சொன்னதால், தேவையில்லாமல் மருந்தைக் கூட்டாமல் நின்ற சம்பவம் எங்களிடம் நடந்திருக்கிறது.

ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யலாமா? எல்லை எங்கே?

பயிற்சியும் அனுமதியும் இருந்தால் நிறையவே செய்யலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ரத்த அழுத்தம் கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்கள், அவர்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் 52 கடைகள். ஏறக்குறைய பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநர்கள் நேரில் போய், டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே அழுத்தம் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். மீதிக் கடைகளில் முடிதிருத்துபவர்கள் உணவு, உடற்பயிற்சி பற்றி எடுத்துச் சொல்லி, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி குறைந்தது, மற்றதில் சுமார் 9. பல வருடப் பழக்கமான முடிதிருத்துபவர் 'இவர் நம்ம ஆள், கையை நீட்டுங்க' என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அவரும் அந்த டீமில் ஒருவர்தான்.

நியூசிலாந்தில் முதியவர்கள் விழாமல் தடுக்க உருவான ஒட்டாகோ பயிற்சி முறையையும் சொல்லலாம். முதலில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார், பிறகு பிசியோவிடம் பயின்ற செவிலியர்கள் கற்றுக்கொடுத்தார்கள், அப்போதும் விழுவது குறைந்தது. அதைக் கேட்டு என் வேலை போய்விடுமோ என்று நான் பயப்படவில்லை. நான் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போக முடியும்?

எல்லை என்று கேட்டால், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாமல் இருப்பதுதான். முதுகுவலிக்கு வந்தவர் காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறது என்றாலோ, சிறுநீர் அடக்க முடியவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது என்றாலோ, நான் பயிற்சியை எடுத்து வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போவேன். உங்கள் துறைக்கு அப்படிப்பட்ட அபாய அறிகுறிகள் எவை என்பதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் டயட்டீஷியனுக்கு இந்த முதுகுவலி அறிகுறிகள் மனப்பாடம்.

டீம் பெரிதாக இருந்தால் தேவையில்லாத டெஸ்டும் சிகிச்சையும் கூடிவிடாதா?

கூடும், கவனமாக இல்லாவிட்டால். ஆளுக்கொரு பரிசோதனை, ஆளுக்கொரு அறிவுரை என்று நோயாளி களைத்துப்போவார். பெல்ஜியத்தைச் சேர்ந்த குடும்ப டாக்டர் மார்க் ஜமூல் 1986-ல் நான்காம் நிலைத் தடுப்பு என்ற கருத்தை முன்வைத்தார். அளவுக்கு மீறிய மருத்துவத்திலிருந்தே நோயாளியைக் காப்பதும் தடுப்பு வேலைதான் என்பது அதன் சாரம். எனவே ஒரு வருகைக்கு இரண்டு மாற்றங்களுக்கு மேல் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நடை, உப்பு, புகை, எடை, தூக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால், எனக்கே தலை சுற்றும்.

நோயாளியும் டீமில் ஒருவர் என்கிறீர்களே, நடைமுறையில் அது என்ன?

முடிவெடுக்கும்போது அவர் அறையில் இருக்க வேண்டும், முதலில் அது. 'நாங்க முடிவு பண்ணிட்டோம்' என்று சொல்லி அனுப்பக் கூடாது. அடுத்தது, சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் மகளிடம் இதை எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், நாம் எங்கே சொதப்பினோம் என்று தெரிந்துவிடும். தவறாகச் சொன்னால், நான் சரியாக விளக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லதுதான், அவர் சம்மதித்தால். ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசியது அத்தனையும் டீம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பராமரிப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு, யாருக்குத் தேவையோ அவருக்கு. எதைப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வராந்தாவிலும் சாப்பாட்டு மேஜையிலும் பெயர் சொல்லிப் பேசுவதை அடியோடு நிறுத்துங்கள்.

எங்கள் கிளினிக்கில் டாக்டரும் நர்ஸும் மட்டும்தான். எங்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

தாராளமாக. வெளியே இருக்கும் பிசியோ, டயட்டீஷியன், கண் பரிசோதகர் என்று துறைக்கு ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். முகம் தெரிந்தவருக்கு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். பதில் கடிதம் வர வேண்டும் என்று கேளுங்கள்.

படிக்கும்போதே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கு விளக்கம் சொன்னது. கல்லூரியில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால், பயிற்சிக் காலத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் மருந்தகத்தில், ஒரு நாள் லேபில், ஒரு நாள் முகப்பு மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். முகப்பு மேஜையைத் தவறவிடாதீர்கள்.

எங்கள் டீம் நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதை எல்லாரும் எண்ணுகிறார்கள். நான் வராதவர்கள் பட்டியலைப் பார்ப்பேன். சுகர் உள்ளவர்களில் இந்த வருடம் கண் பரிசோதனை ஆகாதவர் எத்தனை பேர், பாதம் பார்க்காதவர் எத்தனை பேர், தடுப்பூசி விட்டுப்போனது யாருக்கு, அனுப்பிய பரிந்துரைகளில் எத்தனைக்குப் பதில் வரவில்லை.

வேல்ஸில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப டாக்டர் இருந்தார். எதற்கு வந்தாலும் சரி, வந்தவருக்கெல்லாம் பிரஷர் பார்ப்பார், வராதவர்களைத் தேடிப் போவார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவர்தான். வராதவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அது தெரியும், பெரும்பாலும் தூரத்தில் இருப்பவர்கள், தனியாக இருப்பவர்கள், நாள்கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள்.

நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால் எதிலிருந்து?

போன மாதம் நீங்கள் வேறொருவரிடம் அனுப்பிய நோயாளிகளில் ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் போன் செய்து போனார்களா என்று கேளுங்கள். போகாதவர்களிடம் ஏன் என்று கேளுங்கள், திட்டாமல். 'எங்க போகணும்னு சரியாத் தெரியல' என்பார் ஒருவர், 'அது அவ்வளவு முக்கியம்னு நீங்க சொல்லலையே' என்பார் இன்னொருவர். அவர்கள் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, மறுநாள் காலை அந்தப் பத்து நிமிடத்தில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அடுத்த போன் யார் செய்வது என்று எழுதிவிட்டுக் கலைந்து போங்கள்.